ஒடாமா: பின்பாலும் போரும் கலந்த விளையாட்டை விமர்சகர்கள் என்னதான் சொன்னார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் நின்டெண்டோ கம்பெனியின் பழைய வீடியோ கேம் கன்சோலான கேம்கியூப் ஒன்று இன்னும் ஓடுகிறது. லீவு நாளில் அதில் 'ஒடாமா' போட்டால், பார்க்க வருகிற பசங்களும் கூட வருகிற அவர்கள் அப்பாமார்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பாதிப்பேர் வருவதற்கு முன்பே இணையத்தில் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் அறுவதுதான் போட்டிருக்காங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஏனுங்ணா, இது பின்பாலுங்களா, இல்ல சண்டை வெளையாட்டுங்களா?

ரெண்டுந்தான். திரையில் ஒரு போர்க்களம். அதுவே பின்பால் மேடையும், அதாவது சரிந்த மேடையில் உருளும் உருண்டையைக் கீழே விழவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கும் ஆட்டத்தின் மேடையும். கீழே இரண்டு பெரிய ஃபிளிப்பர்கள் (பொத்தானை அழுத்தினால் மேலே அடிக்கும் மட்டைகள்) இருக்கும், அவற்றால் ஒரு ராட்சத உருண்டையை அடித்து மேலே அனுப்ப வேண்டும். அந்த உருண்டையின் பெயர்தான் ஒடாமா. போகிற வழியில் எதிரியின் கட்டடங்களை உடைக்கும், குறுக்கே நிற்கிறவர்களை நசுக்கும்.

அதே களத்தில் உங்கள் சிப்பாய்களும் இருப்பார்கள். அவர்கள் ஒரு பெரிய மணியைச் சுமந்துகொண்டு எதிர்முனையில் இருக்கும் வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அந்தக் கட்டம் முடிந்தது. அவிநாசித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும்: சுற்றி எத்தனை ஆரவாரம் இருந்தாலும், வடம் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே மணியும் அப்படித்தான். உருண்டையை எவ்வளவு அழகாக அடித்தாலும், சுமக்க ஆள் மிஞ்சவில்லை என்றால் ஜெயிக்க முடியாது.

பின்பால்னா அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல வந்துச்சே, ராக்கெட் படம் போட்டது, அதுதானுங்க?

அதேதான். விண்டோஸ் எக்ஸ்பியோடு இலவசமாக வந்த 'ஸ்பேஸ் கேடட்'. நம்ம பக்கம் பின்பால் என்றால் பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். பிரவுசிங் சென்டரில் நெட் போய்விட்டால் அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தோம். விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது.

நிஜ இயந்திரம் அமெரிக்காவில் வளர்ந்தது. காட்லீப் கம்பெனி 1947-ல் 'ஹம்டி டம்டி' என்ற இயந்திரத்தில் ஃபிளிப்பரைக் கொண்டுவந்த பிறகுதான் ஆடுகிறவர் கைக்கு வேலை வந்தது. அதற்கு முன்பு உருண்டையை விட்டுவிட்டு எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த விஷயம் கீழே இன்னொரு கேள்விக்கு வேண்டியிருக்கும்.

இதை யாருங்க செஞ்சது? மண்டையில வேற என்னவோ ஓடியிருக்கும் போல.

யூட் சைட்டோ. ஜப்பான்காரர். விவேரியம் என்ற அவருடைய சின்ன நிறுவனம் செய்தது, நின்டெண்டோ வெளியிட்டது. 1994-ல் 'சிம்டவர்' என்ற பெயரில் ஒரு விளையாட்டு வந்ததே, உயரக் கட்டடம் கட்டி லிஃப்ட் ஓட்டுவது, அது அவர் செய்தது. 1999-ல் ட்ரீம்காஸ்ட் என்ற கன்சோலுக்கு 'சீமேன்' செய்தார். மனித முகம் வைத்த மீனைத் தொட்டியில் வளர்த்து, மைக்கில் அதனோடு பேச வேண்டும். அதுவும் பதிலுக்குப் பேசும், சில நேரம் எடுத்தெறிந்தும் பேசும். ஆங்கிலப் பதிப்பில் கதை சொல்லும் குரல் லியோனார்ட் நிமாய் என்ற அமெரிக்க நடிகருடையது.

ஆகவே, மைக்கில் கத்தினால் சிப்பாய்கள் நகரும் விளையாட்டு அவரிடமிருந்து வந்தது ஆச்சரியமில்லை. விமர்சகர்களும் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். 'சீமேன்' செய்த ஆளின் அடுத்த விளையாட்டு என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்கள் கோணங்கித்தனத்தை வரவேற்றார்கள். நின்டெண்டோ முத்திரையைப் பார்த்து வந்தவர்களுக்கு முகம் சுளித்தது.

கதைன்னு எதாவது இருக்குதுங்களா?

பழைய ஜப்பானின் போர்க்காலம். யமனௌச்சி ககெதோரா என்ற இளம் தளபதி தன் அப்பாவின் சாவுக்குப் பழி வாங்கக் கிளம்புகிறான். குலத்தின் ரகசிய ஆயுதம் ஒடாமா. அவ்வளவுதான். ஜப்பானிய வாத்திய இசையும் நிறம் மங்கிய பழைய ஓவியச் சாயலும் சேர்ந்து ஒரு கனத்தைக் கொடுக்கின்றன. விளையாட்டைத் திட்டியவர்கள்கூட இந்தச் சூழலைக் குறை சொன்னது அரிது.

சரிங்ணா, நல்லா இருக்குன்னாங்களா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கலவை.

ஒரு வார்த்தை போதாது என்றால்: விமர்சகர்கள் போட்ட மார்க்குகளைச் சேர்த்து நூற்றுக்குச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளத்தில் அது அறுபதுகளின் தொடக்கத்தில் நிற்கிறது. விமர்சனங்களை வரிசையாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பாராட்டியவரும் திட்டியவரும் கிட்டத்தட்ட ஒரே விஷயங்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். யோசனை புதுசு, இப்படி ஒன்றை இதற்கு முன் பார்த்ததில்லை, சூழல் அருமை. அடுத்த பத்தியில், களத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, மைக் சொன்னதைக் கேட்பதில்லை, நம் உருண்டை நம் ஆளையே நசுக்குகிறது, தாங்க முடியாத கஷ்டம். முதல் பத்திக்கு எடை கொடுத்தவர் தாராளமாக மார்க் போட்டார். இரண்டாம் பத்திக்குக் கொடுத்தவர் கையை இறுக்கிக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த அறுபதுக்குள் இரண்டு தனித்தனித் தீர்ப்பு இருக்கிறது. கூட்டி வகுத்ததில் இரண்டும் மறைந்துபோயின.

அறுவதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்தானுங்களே? அதுக்கு ஏன் எல்லாரும் துக்கம் விசாரிக்கறாங்க?

பரீட்சையில் அறுபது வேறு, விளையாட்டு விமர்சனத்தில் அறுபது வேறு. மெட்டாகிரிட்டிக்கில் 75-ம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழ் சிவப்பு. ஆனால் பெரிய பத்திரிகைகள் பத்துக்கு ஏழு என்பதையே 'பரவாயில்லை' என்று சொல்லப் பழகிவிட்டன. பெரிய கம்பெனி விளையாட்டு ஆறு வாங்கினால் வாங்குகிறவன் அலமாரியில் திரும்ப வைத்துவிடுவான்.

ஜப்பானின் ஃபாமிட்சு என்ற விளையாட்டுப் பத்திரிகை வேறு முறை வைத்திருக்கிறது. நான்கு பேர் தலா பத்துக்கு மார்க் போட்டு, மொத்தம் நாற்பதுக்குக் கூட்டுவார்கள். நாலு பேர் மார்க்கையும் தனித்தனியாக அச்சிடுவதால், எங்கே ஒத்துப்போனார்கள், எங்கே பிரிந்தார்கள் என்று வாசகனுக்குத் தெரியும். 'ஒடாமா' மாதிரி விளையாட்டுக்கு அந்த முறைதான் நியாயம் என்பது என் கட்சி.

மைக்குல சொன்னா சிப்பாய்க நெசமாவே கேக்கறாங்களா? இல்ல சும்மா விளம்பரமா?

கேட்கிறார்கள். மைக் விளையாட்டோடு பெட்டியிலேயே வந்தது, கன்ட்ரோலரில் மாட்ட ஒரு கிளிப்பும் உண்டு. அதன் வயரைக் கேம்கியூபின் இரண்டாவது மெமரி கார்டு துளையில் செருக வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னேறு, பின்வாங்கு, இடப்பக்கம் போ, ஒன்றுகூடு என்கிற மாதிரி சின்னச் சின்னக் கட்டளைகள் கொடுக்கலாம். வாக்கியமாகப் பேச முடியாது. கட்டளைப் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் அதற்குப் புரியும், விளையாட்டு முன்னே போகப் போக அந்தப் பட்டியல் நீளும்.

விமர்சகர்களின் புகார் இரண்டு வகை. ஒன்று, சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறது என்பது. இது கொஞ்சம் உண்மை, 2006-ன் தொழில்நுட்பம் அவ்வளவுதான். அமைதியான அறையில் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது புகார்தான் கனமானது: கேட்டாலும் உடனே செய்வதில்லை. கட்டளை போய்ச் சேர்ந்து, சிப்பாய்கள் திரும்பி நடக்க ஆரம்பிப்பதற்குள் உருண்டை இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்துவிடும். 'பின்வாங்கு' என்று சொல்லிவிட்டு, அவர்கள் நிதானமாகத் திரும்புவதையும் உருண்டை அவர்களை நோக்கி வருவதையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சொந்த ஆட்கள் நிறையப் பேரை நசுக்கினால் படையின் மனத்திடம் இறங்கும், அதன்பின் கட்டளைக்குக் காது கொடுக்க மாட்டார்கள். மைக் வேலை செய்யவில்லை என்று திட்டியவர்களில் சிலர் இதைத்தான் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். மைக் வேலை செய்கிறது, படைக்குத்தான் வெறுத்துவிட்டது.

நம்ம பக்கத்து இங்கிலீஷு அதுக்குப் புரியுமுங்களா?

பசங்க எல்லாரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் மைக்கையே தொடுகிறார்கள். அமெரிக்கப் பதிப்பு ஆங்கிலக் கட்டளைக்குப் பழக்கப்பட்டது, உச்சரிப்பில் கொஞ்சம் கறார்தான். நாம் கடைசி எழுத்தை அழுத்தி, பின்னால் ஒரு 'உ' சேர்த்து இழுப்போமே, அங்கேதான் அது தடுமாறும். வெட்டி முடித்தால் பிடித்துக்கொள்கிறது. என் அக்கா பையன் 'ஃபால் பேக்கு' என்று எத்தனை தடவை கத்தியும் ஒருத்தனும் அசையவில்லை. எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஃபால் பேக்' என்றான், மொத்தப் படையும் திரும்பியது. கத்தினால் இன்னும் மோசம், மைக் பக்கத்திலேயே இருப்பதால் சத்தம் உடைந்துபோகிறது. சாதாரணக் குரலே போதும்.

எங்களுக்கு வேறு ஒரு கஷ்டம். அடுத்த வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. பகலில் ஜன்னலைச் சாத்தினாலும் அந்தத் 'தடக் தடக்' உள்ளே வரும், மைக்கும் அதைக் கேட்கும். கட்டளை பாதிதான் போய்ச் சேரும். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் கேம்கியூபும் நின்றுவிடுமே! ஷிஃப்ட் மாறுகிற இடைவெளியில்தான் நாங்கள் கஷ்டமான கட்டங்களை ஆடுவது. அமெரிக்க, ஐரோப்பிய விமர்சகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும், ஒரே அறையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஏற்ற விளையாட்டு இது இல்லை.

நம்ம உருண்டை நம்மாளுகளையே நசுக்கறதுதான் எனக்கு ஒத்துக்கலைங்ணா. இது என்ன வெளையாட்டு?

அதிகமாகக் குறை சொல்லப்பட்டது இதைத்தான். இதில் மட்டும் நான் விமர்சகர்களோடு ஒத்துப்போகவில்லை.

உருண்டை நம் ஆட்களைத் தொடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கட்டளை எதற்கு? மைக் எதற்கு? படையை ஒருபக்கம் நடக்கவிட்டு, நீங்கள்பாட்டுக்கு உருண்டையை அடித்துக்கொண்டிருக்கலாம். பின்பால் தனி, போர் தனி, இரண்டும் ஒரே திரையில் ஓடுகிறது, அவ்வளவுதான் மிஞ்சும். உருண்டை எல்லோரையும் நசுக்கும் என்பதால்தான் அடிப்பதற்கு முன்பு 'இப்போது அங்கே யார் நிற்கிறார்கள்' என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அடிக்காமல் ஃபிளிப்பரில் தாங்கி நிறுத்தி, படை நகரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் இரண்டு விளையாட்டும் ஒன்றாகின்றன.

இதற்கு மருந்தும் உள்ளேயே இருக்கிறது. களத்தில் கிடைக்கும் ஒரு சக்தியால் உருண்டை பச்சையாக மாறும். பச்சையாக இருக்கும்போது நம் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. எதிரிமேல் ஏறினால் அவன் சாகமாட்டான், நம் பக்கம் சேர்ந்துவிடுவான். எதிரிப் படையின் நடுவே பச்சை உருண்டை ஒருமுறை குறுக்காக ஓடினால், அங்கேயே ஒரு கூட்டம் கட்சி மாறி நிற்கும். அந்த ஒரு ஓட்டத்துக்காகவே இதை ஆடலாம். சோற்றுருண்டையை எறிந்து எதிரிகளை அதன் பக்கம் இழுக்கும் வித்தையும் உண்டு. பசித்த சிப்பாய் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போல.

அப்ப கஷ்டம்னு சொன்னவங்க எல்லாம் ஆடத் தெரியாம சொன்னதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கஷ்டம் நிஜம், அதில் பாதி நியாயமில்லாத கஷ்டம்.

கை என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு விரல் ஃபிளிப்பரில். கட்டைவிரல் களத்தையே சாய்க்கும் குச்சியில், ஏனென்றால் இங்கே மேடையைச் சாய்த்து உருண்டையைத் திருப்பலாம். நிஜ பின்பாலில் ரொம்ப ஆட்டினால் 'டில்ட்' என்று இயந்திரம் செத்துவிடும், இங்கே சாய்ப்பதே ஆட்டத்தின் பகுதி. இதற்கு நடுவே மைக் பொத்தான், புதுச் சிப்பாய்களைக் களத்தில் இறக்குவது, சோற்றுருண்டை. கண் உருண்டையையும் பார்க்க வேண்டும், மணியையும் பார்க்க வேண்டும். நேரக்கெடு வேறு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' மாதிரி படை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறவர் படையைப் பிரித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்கலாம். இங்கே உருண்டை யாருக்கும் காத்திருக்காது.

இதைக்கூடப் பழகிவிடலாம். பழகவே முடியாதது, மிச்சக் கணக்கு அடுத்த கட்டத்துக்குத் தொடர்வது. எத்தனை உருண்டை மிச்சம், எத்தனை சிப்பாய் மிச்சம் என்பது கூடவே வரும். ஒரு கட்டத்தைத் தட்டுத்தடுமாறி ஜெயித்தால், அடுத்த கட்டத்தில் வெறுங்கையோடு நிற்பீர்கள். திரும்பவும் பழைய கட்டத்துக்குப் போய் இன்னும் நன்றாக ஜெயித்து வர வேண்டும். ஜெயித்தவனையே தண்டிக்கிற கணக்கு இது. நசுக்குவதைத் திட்டிய விமர்சகர்கள் இதைத்தான் இன்னும் அழுத்தமாகத் திட்டியிருக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் மொக்கையா இருக்குதே, அதுக்கு மார்க் கொறைச்சாங்களா?

குறைத்தார்கள். அதே கேம்கியூபில் அதைவிட அழகான விளையாட்டுகள் நாலைந்து வருஷம் முன்பே வந்துவிட்டன. ஆனால் விமர்சனத்தில் கிராஃபிக்ஸ் புகார் என்று இருப்பதில் பாதி, அழகைப் பற்றியது இல்லை. சிப்பாய்கள் சின்னதாக இருக்கிறார்கள், நெரிசலில் நம்மாள் எவன், எதிரி எவன் என்று பிரித்தறிய முடியவில்லை, உருண்டையே கூட்டத்தில் மறைந்துபோகிறது. அது அலங்காரக் குறை இல்லை, ஆட்டத்தையே கெடுக்கிற குறை.

பின்பாலே அதிர்ஷ்டந்தானுங்க. அதுல போய் வியூகம் எங்கிருந்து வரும்?

இதே கேள்விக்காக அமெரிக்காவில் வழக்கும் தடையும் நடந்திருக்கிறது. நியூயார்க்கில் பின்பாலைச் சூதாட்டம் என்று சொல்லி 1940-களின் தொடக்கத்தில், மேலே சொன்ன ஃபிளிப்பர் வருவதற்கு முன்பே, தடை செய்தார்கள். மேயர் லா கார்டியா இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபைக்கு முன்னால் ஆடிக் காட்டினார். உருண்டை எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த வழியிலேயே அனுப்பினார், தடை போனது. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று நம் மாநிலத்தில் நடந்த வழக்குகளைப் படித்தவர்களுக்கு வாதம் பழகியதாகத்தான் இருக்கும்.

'ஒடாமா'வில் திறமைக்கு இடம் இருக்கிறது, ஆனால் உருண்டையைவிடப் படையிடம்தான் தற்செயல் அதிகம். சிப்பாய்கள் எங்கே கூடுவார்கள், எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. நிஜ மேடையில் இலக்குகள் இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால்தான் ஷார்ப்பால் சொல்லி அடிக்க முடிந்தது. இங்கே இலக்குகள் கால் முளைத்து நடக்கின்றன. வியூகம் என்று திட்டம் போட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். நெருக்கடியைச் சமாளிப்பதுதான் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிடித்தது.

வந்த நேரம் சரியில்லைங்கறாங்களே, அது காரணமுங்களா?

மார்க்குக்குப் பெரிய காரணம் இல்லை, விற்பனைக்கும் பேச்சுக்கும் காரணம். 2004-ல் அமெரிக்காவில் நடந்த ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியிலேயே காட்டிவிட்டார்கள், 2006-ல்தான் வந்தது. அதே வருஷக் கடைசியில் நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான வீ வந்துவிட்டது, கேம்கியூபை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் பக்கம் அது எப்போதுமே இல்லை. அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் பிளேஸ்டேஷன் 2 கிடைக்காத கடை இல்லை, கேம்கியூப் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு.

அப்புறம் வந்த பின்பால் கலவைகளுக்கு மட்டும் நல்ல பேரு கெடைச்சுதே? ஓரவஞ்சனையா?

2018-ல் வந்த 'யோகூஸ் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். ஒரு சின்ன வண்டு, தபால்காரன், உருண்டையை இழுத்துக்கொண்டு ஒரு தீவைச் சுற்றுகிறான். நல்ல பாராட்டு வாங்கியது, தகுதியும் இருந்தது. அதில் உருண்டை தவறிக் கீழே விழுந்தால் கொஞ்சம் பழங்கள் போகும், அவ்வளவுதான். நேரக்கெடு இல்லை. ஒரே சமயத்தில் ஒரே வேலை. மேலே கஷ்டம் பற்றிய பதிலில் நான் அடுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள், யோகூ கிடைக்கும்.

2014-ல் 'ரோலர்ஸ் ஆஃப் தி ரெல்ம்' இன்னொரு வழி பிடித்தது. ஒவ்வொரு உருண்டையும் ஒரு பாத்திரம்: ஒருவன் வீரன், ஒருத்தி திருடி, ஒருத்தி மருத்துவம் பார்க்கிறவள். யாரை எப்போது மேடையில் விடுவது என்பதே யோசனை. உருண்டை கையில் இருக்கும்போது யோசிக்கலாம், விட்டபிறகு அடிக்கலாம். இரண்டு வேலைக்கும் தனித்தனி நேரம். ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை. பின்னால் வந்தவர்கள் யோசிக்கிற நேரத்தையும் அடிக்கிற நேரத்தையும் பிரித்தார்கள், சைட்டோ வேண்டுமென்றே பிரிக்கவில்லை. பிரிக்காததுதான் எனக்குப் பிடித்தது, பிரித்ததுதான் விமர்சகர்களுக்குப் பிடித்தது.

ஒருத்தர் தூக்கி வெக்கறாரு, ஒருத்தர் தூக்கிப் போடறாரு. நான் யாரை நம்பறதுங்க?

மார்க்கை விட்டுவிட்டு, அவர் எந்த இடத்தில் கோபப்பட்டார் என்று பாருங்கள். முதல் சில கட்டங்களிலேயே நசுக்குகிறது என்று கோபித்தவர் ஒருபக்கம், பிற்பாதிக் கட்டங்களில் மிச்சக் கணக்கைப் பார்த்துக் கோபித்தவர் இன்னொரு பக்கம். இரண்டாமவர் ஆடிப் பார்த்து எழுதியிருக்கிறார். நான் அவரை நம்புவேன், அவர் பத்துக்கு நாலு மார்க்கே போட்டிருந்தாலும்.

தூக்கி வைக்கிறவர்களிலும் இரண்டு வகை. 'இப்படி ஒன்று வந்ததே பெரிது' என்று மட்டும் எழுதுகிறவரிடம் உங்களுக்குப் பயன் இல்லை. புதுசு என்பது வாங்குவதற்கு ஒரு காரணம், முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

இப்பப் போயி 'கல்ட் கிளாசிக்'ங்கறாங்க. அப்ப அன்னிக்குத் திட்டுனவங்க மண்டு, அதானுங்களே?

இல்லைங்க. இன்றைக்கு இதைத் தேடி ஆடுகிறவர் யார்? கோணங்கியான விளையாட்டு வேண்டும் என்றே தேடி வருகிறவர். என்ன கஷ்டம் என்று முன்பே படித்துவிட்டு வருகிறார், பிடிக்காதவர்கள் முதல் கட்டத்திலேயே கழன்றுவிடுகிறார்கள். மிஞ்சியவர்கள் எழுதுவது பாராட்டாகத்தான் இருக்கும். 2006-ல் விமர்சகர் எழுதியது கடையில் முழுவிலை கொடுத்து, நின்டெண்டோ பெயரை நம்பி, பையனுக்கு வாங்கப்போகிற ஒரு அப்பாவுக்காக. அந்த அப்பாவிடம் 'ஜாக்கிரதை' என்று சொன்னது சரிதான்.

அதேசமயம், அன்றைய விமர்சனங்கள் எல்லாம் ஒரே பல்லவியாக 'யோசனை நல்லது, செய்த விதம் சரியில்லை' என்று முடித்தது சோம்பேறித்தனம். எந்தக் குறை யோசனையிலேயே ஒட்டியது, எது தனியாகக் கழற்றி எறியக்கூடியது என்று பிரித்துச் சொன்னவர் குறைவு. நசுக்குவதை எடுத்தால் விளையாட்டே போய்விடும். மிச்சக் கணக்கை எடுத்தால் விளையாட்டு பிழைத்துவிடும். இதைச் சொல்வதற்கு இருபது வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.

எம்பட பையனுக்குப் பத்து வயசுங்க. குடுக்கலாமா?

ரத்தம் கொட்டுகிற காட்சி என்று பயப்பட ஒன்றும் இல்லை, ஆட்கள் நசுங்குவதை எட்ட இருந்துதான் பார்க்கிறோம். ஆனால் தனியாகக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் கன்ட்ரோலரை எறிவான். நீங்கள் கூட உட்காருங்கள். ஃபிளிப்பர் அவன் கையில், மைக் உங்கள் கையில். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் கஷ்டம் பாதியாகிறது. ஒருவர் கண் உருண்டைமேல், ஒருவர் கண் மணிமேல். விதிப்படி இது ஒருத்தர் ஆட்டம், விதியைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

சரி, இப்ப எங்கீங்க கெடைக்கும்?

பழைய டிஸ்க்தான். வாங்கும்முன் மூன்று விஷயம் பாருங்கள். மைக் கூட வருகிறதா என்று கேளுங்கள், தனி டிஸ்க் மட்டும் விற்கிறவர்கள் அதிகம். 'மரியோ பார்ட்டி 6'-ஓடு வந்த மைக் இருந்தாலும் போதும், அதுவும் அதே கேம்கியூப் மைக்தான். அடுத்து, டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். அமெரிக்க டிஸ்க் ஐரோப்பிய கேம்கியூபில் ஓடாது, ஜப்பான் டிஸ்க்கில் கட்டளையும் ஜப்பானிய மொழியில்தான்.

கேம்கியூப் இல்லை என்றால் முதலில் வந்த வீ கன்சோல் போதும். மேல்மூடியைத் திறந்தால் கேம்கியூப் கன்ட்ரோலர் துளையும் மெமரி கார்டு துளையும் இருக்கும். 2011 கடைசியிலிருந்து வந்த புது மாடல்களில் அவற்றை எடுத்துவிட்டார்கள், விற்கிறவரிடம் மூடியைத் திறந்து போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டே காசு போடுங்கள்.